சோழமண்டலப் பெயர் பூண்ட மரவாத்து

வாத்து என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் நிற்பது அறுப்பு முடிந்த வயலில் மேய்ப்பவன் கோலுக்கு அஞ்சி வரிசை வரிசையாய் நடந்து செல்லும் வளர்ப்பு வாத்தேயாகும். அது மரமேறும் என்று ஒருவன் சொன்னால் கேட்பவர் நகைப்பர். ஆயினும் மரத்தின் உயரத்தே, பொந்தினுள்ளே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காட்டு வாத்துகள் உலகில் பல உள. அவற்றுள் மிகச் சிறியதும், கண்ணுக்கு இனியதுமான ஒன்று நம் தாய்நாட்டு ஏரிகளிலும், நாம் குடியேறிய இந்த மலாய் நாட்டு நீர்நிலைகளிலும் வாழ்ந்து வருவது. தமிழிற் குள்ளத்தாரா எனப்படும். மலாய் மக்கள் பஞ்சு வாத்து என்னும் பொருள்பட ‘ஈத்தேக் காப்பாஸ்’ என்பர். புறாவினும் பருமன் மிகாத இப்பறவையில் ஆணின் தலையும் கழுத்தும் வயிறும் வெண்பஞ்சு போல் இருக்கும். உச்சந்தலையும் முதுகும் சிறகும் கருமை கலந்த பசுமை பூண்டு, வெயில் படும்போது மயிற்கழுத்துப்போல் மின்னும். கழுத்தடியில் கறுப்பு வளையம் ஒன்று மாலையிட்டாற்போல் விளங்கும். பெட்டைக்கு இவ்வளவு மினுக்கு இல்லை. மங்கிய பழுப்பும் கண்ணையொட்டி ஒரு கருங்கோடும் அதற்குப் போதும்.

இப்பறவையின் சாத்திரப் பெயரைக் கேட்டால் தமிழர் ஒவ்வொருவரும் சற்றே நிமிர்ந்து உட்காருவர். ஜெர்மனி தேசத்து மேலின் என்பார் 1789-ம் ஆண்டில் இதற்கு இலத்தீன் மொழியிற் பெயரிட்டபோது ‘கோரமண்டேலியானா’ என்று எழுதினார். பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கோரமண்டலக் கரை வாத்து என்று இதனைத் தம் நூலில் வருணித்திருந்தார். மேலின் அதனைப் பின்பற்றினார். கோரமண்டலமாவது யாது? ஐரோப்பியர் நாவில் உருமாறிய நம் சோழமண்டலமே. ஆகவே ஆஸ்திரேலியாவில் உள்ள இதன் கிளையினத்தைப் பற்றி எழுதும் புலவரும், சீனத்துத் தென்பகுதியில் இதனைக் காண்பவரும், அறிந்தோ அறியாமலோ சோழர் நாட்டின் பெயரைச் சொல்லியே தீரவேண்டும்.

பெயர் என்பது அற்பமன்று. இந்நகரத்திலே ‘கிளிங்’ தெரு என்றொரு தெரு இருந்தது. அச்சொல்லை இழிவாகக் கருதிய நம்மவர் மாற்றம் வேண்டினர். 1921-ம் ஆண்டில் அது ‘சூலியா’ தெருவாயிற்று. சூலியா என்னும் சொல்லுக்குள்ளும் சோழர் ஒளிந்திருப்பதாக அறிஞர் பலர் கூறுவர். சோழமண்டலக் கரையினின்று கப்பலேறி வந்த மனிதர்க்கு ஒரு தெரு கிடைத்தது. அதே கரையின் பெயரைத் தாங்கிய பறவைக்கு இத்தீவில் என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்தது.

முதலில் அதன் வாழ்க்கையை அறிதல் வேண்டும். குள்ளத்தாராவுக்கு இரண்டு பொருள்கள் ஒருங்கே தேவை. ஒன்று ஆம்பலும் பாசியும் படர்ந்த நன்னீர்க் குளம். அங்குள்ள விதைகளும் தளிர்களும் சிறு பூச்சிகளுமே அதன் உணவு. மற்றொன்று அக்குளத்தின் கரையிலோ அருகிலோ பொந்துள்ள முதுமரம். மரங்கொத்திக்கு உள்ளதுபோன்ற உளி அதன் அலகில் இல்லை. கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் தேங்கி, காளான் அரித்து, உள்மரம் உளுத்துப் போய் இயல்பாக அமைந்த குடைவையோ, மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன வீட்டையோதான் அது நாடவேண்டும். அத்தகைய குடைவு ஐந்தாறு ஆண்டுகளில் அமைவதன்று. ஒரு மனிதன் பிறந்து மூத்து முடியும் காலம் அதற்குச் செல்லக்கூடும். அதனுள் பெட்டை எட்டு, பத்து, சிலபோது அதற்கு மேலும் தந்த நிற முட்டைகளை இட்டு அடைகாக்கும்.

குஞ்சுகள் வெளிப்படும் காட்சியே விந்தையினும் விந்தை. மரப்பொந்தில் பிறக்கும் வாத்துக் குஞ்சுகட்குத் தாய் இரைகொண்டு ஊட்டுவதில்லை. பிறந்த மறுநாளே அவை வாயிலுக்கு ஏறிவந்து, கீழே அழைக்கும் தாயின் குரலை நம்பிக் குதித்துவிடும். இறகு முளையாத அக்குஞ்சுகள் பஞ்சுருண்டைபோல் விழுந்து, யாதொரு தீங்குமின்றி எழுந்து நீரை நோக்கி ஓடும். உடல் அத்துணை இலேசானது; தூவியோ மெத்தை போன்றது. ஆனால் விழுந்த இடத்திற்கும் நீருக்கும் இடையே அகன்ற வெட்டவெளியோ தார்ச்சாலையோ கிடக்குமாயின் அக்குஞ்சுகளின் கதி என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மரம் உண்டு, நீர் இல்லை. நீர் உண்டு, மரம் இல்லை என்று ஆகிவிட்ட நாட்டில் இப்பறவைக்கு இடமில்லை.

சீன அன்பர்களின் கலியாணத் துணிகளிலும் பூவேலை செய்த தலையணைகளிலும் இணைபிரியாமல் நீந்தும் வண்ண வாத்துகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் மரப்பொந்தில் வாழும் இனமே. மாண்டரின் வாத்து என்பர். வானவில்லைக் குழைத்துப் பூசியது போன்ற அதன் அழகுக்கு ஈடில்லை. தம்பதிகளின் பிரியாமைக்கு அதனை அடையாளமாக்கினர் முன்னோர். ஆனால் பெட்டை அடையிருக்கும்போதே ஆண் பெரும்பாலும் விலகிப் போய்விடும் என்று பறவை நூலார் எழுதுகின்றனர். அடையாளம் செய்தவர் துணியில் தைத்ததைத்தான் கண்டார்கள் போலும்! நிற்க.

இனிச் சிங்கப்பூர் நிலத்தை நோக்குவோம். நம்மவர் நெருங்கி வாழும் சிராங்கூன் சாலைப் பகுதி இன்று கடையும் கோவிலும் பூக்கட்டும் மளிகையும் நிறைந்த இடம். அங்கே நீர்ப்பறவைக்கு என்ன வேலை என்று வினவலாம். ஆனால் ஊர்ப்பெயர்களே சாட்சி கூறும். சிராங்கூன் என்னும் பெயர் ‘ரங்கோங்’ என்ற நெடுங்கால் சதுப்புப் பறவையினின்று வந்ததென்பது பலரும் ஒப்பும் கொள்கை. தேக்கா என்று நாம் நாவாரச் சொல்லும் பெயர் ஹொக்கியன் மொழியிற் சிறுமூங்கிலின் அடி என்று பொருள்படும். ரோச்சோர் ஆற்றோரம் மூங்கிற் புதர்கள் அடர்ந்திருந்தமையால் வந்த பெயர். பிரசவ மருத்துவமனையால் பேர்பெற்ற கண்டாங் கெர்பாவ் என்பது எருமைத் தொழுவம். எருமை இருந்ததென்றால் அது கிடந்து புரளச் சேறும் இருந்தது, மேயப் புல்லும் இருந்தது. பெலிலியோஸ் என்னும் கால்நடை வியாபாரியின் பெயரால் இன்றும் ஒரு சாலை அங்குண்டு; எருமைக்கும் ஒரு சாலையுண்டு. நம் பால்காரர்கள் மாடு கட்டிப் பிழைத்ததும் அப்பள்ள நிலத்தின் நீரையும் புல்லையும் நம்பியே. சற்றுக் கிழக்கே சீனர் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. அவற்றிற்கிட்ட மலவுரத்தின் நாற்றம் பொறாமல், அங்குள்ள தெருவுக்கு லேவண்டர் என்று நறுமணப் பூவின் பெயரை வேடிக்கையாகச் சூட்டினார்கள். அஃது 1858-ம் ஆண்டு. குதிரைப் பந்தயத்திடலும் அப்பக்கத்தே 1843 முதல் 1933 வரை ஃபேரர் பார்க்கில் இருந்தது. ஜாலான் புசார் பகுதி சதுப்பாய்க் கிடந்தது. கடலையொட்டிய இடங்களில் உவர்நீரும் கண்டல் மரமும் நீப்பாவும், மேட்டை நோக்கிச் செல்லச் செல்ல நன்னீர்ச் சேறும் காடுமாக இருந்ததே அக்கால நிலம்.

அந்நிலத்தை மேடாக்கியவர் யார்? வெள்ளைக்கார எஞ்சினீயர்களின் பெயர்கள் தெருப்பலகைகளில் உள்ளன. மண் சுமந்தவர் பெயர் எப்பலகையிலும் இல்லை. 1825-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பென்கூலனிலிருந்து சென்னை மாகாணத்துக் கைதிகள் எண்பது பேர் இங்கு வந்திறங்கினர். ஒரு வாரத்தில் வங்காளத்துக் கைதிகள் நூற்றிருபத்திருவர் தொடர்ந்தனர். அதுமுதல் 1873 வரையில் சாலை போட்டதும், சதுப்பைத் தூர்த்ததும், கால்வாய் வெட்டியதும், செங்கல் அறுத்ததும், புலியை வேட்டையாடியதுங்கூட இந்தியக் கைதிகளே. புனித ஆண்ட்ரூ தேவாலயமும் அவர்தம் கைவேலை. அதற்கும் முன்னரே 1819-ல் ராபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை இங்குச் செங்கற் சூளை அமைத்தார். சிராங்கூன் சாலைப் பக்கத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். வீரமாகாளியம்மன் கோவிலும் ஒருகாலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் நெருப்பின்றி ஆகா. நெருப்பு விறகின்றி ஆகாது.

இதை எடுத்துக் காட்டுவது அம்மக்களைக் குறைகூறுவதற்கன்று. காலில் விலங்கோடு வந்தவனும், கங்காணியின் துண்டில் பெயரெழுதப்பட்டு வந்தவனும் தன் விருப்பப்படி மரம் வெட்டவில்லை. ஆனால் நம் வரலாற்றை எழுதுவோர் வந்த கப்பலையும் கட்டிய கோவிலையும் எண்ணி எழுதுகின்றனரேயன்றி, நம் கைபட்ட நிலம் முன் எவ்வாறிருந்தது, பின் எவ்வாறாயிற்று என்பதை எழுதுவதில்லை. மண்ணை மாற்றியவன் வரலாறு மண்ணின் வரலாற்றோடு சேர்ந்ததன்றோ?

சதுப்பு ஒருபுறம் தூர்ந்தது. காடு மறுபுறம் அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சீனப் பயிர்த்தொழிலாளர் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும்; ஆதலால் தோட்டத்துக்கு அழிந்த காடு போக, அடுப்புக்கு அழிந்த காடு வேறு. இருபது ஆண்டுகளுக்குள் மண் களைத்துவிடும். அதை லாலான் புல்லுக்கு விட்டுவிட்டு அப்பால் நகர்வர். பூந்தோட்ட அதிகாரியாயிருந்த காண்ட்லி 1883-ல் அறிக்கை எழுதியபோது இத்தீவின் காட்டில் நூற்றுக்கு ஏழு பங்களவே எஞ்சியிருந்தது.

பின்பு வந்தது ரப்பர். தோட்டத்து அன்பர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த சில கன்றுகளிலிருந்து மலாய் நாடு முழுவதும் ரப்பர் பரவியது. லட்சக்கணக்கான மரங்கள்! தோட்டத்திற் பிறந்த குழந்தை மரத்தைத் தவிர வேறொன்றைக் கண்டறியாது. ஆனால் அத்தனை மரங்களுள்ளும் குள்ளத்தாராவுக்கு ஒரு வீடு கிடையாது. ஏன்? எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவை. ஒரே அளவில் நிற்பவை. பால் குறைந்ததும், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில், ஒருசேரச் சாய்க்கப்படுபவை. பொந்து விழும் முதுமை வருமுன் மரத்தின் கணக்கு முடிந்துவிடும். செம்பனைத் தோட்டத்திலும் இக்கணக்கே. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளியின் கணக்கும் இவ்வாறே முடிந்தது என்பதைத் தோட்டத்து முதியோர் நன்கறிவர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மற்ற வாத்துகள் பிழைத்திருக்கையில் இதுமட்டும் அரிதானது எவ்வாறு? சிறகி என்னும் பழுப்பு நிற வாத்தை எடுத்துக்கொள்வோம். பறக்கும்போது சீழ்க்கையடிப்பது போல் ஒலிப்பதால் சீழ்க்கைச் சிறகி என்றும் கூறுவர். இதுவும் மரத்தில் கூடுவைக்கும் வாத்தே. ஆயினும் பொந்து கிடைத்தால் பொந்து. கிடைக்காவிடில் கொக்கோ காகமோ கட்டிவிட்டுப் போன பழங்கூடு. அதுவும் இல்லையேல் கோரைப்புதர் நடுவே தரையிலேயே முட்டையிடும். இருப்பதைக் கொண்டு காலந்தள்ளத் தெரிந்த அப்பறவை இன்றும் கிராஞ்சி, சுங்கை பூலோ முதலிய இடங்களிற் சிறு கூட்டமாக வாழ்கிறது. குள்ளத்தாராவோ குடைவன்றி வேறொன்றை எளிதில் ஏற்காது. சிங்கப்பூர்ப் பறவைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. நேரிற் காண்பதோ மிக அரிது. எங்கேனும் ஓர் ஏரியில் ஒன்று தென்பட்டால் பறவை ஆர்வலர் தூரநோக்கியைத் தூக்கிக்கொண்டு விரைகின்றனர்.

1950-க்குப் பின்னர் இத்தீவில் விசித்திரமான ஒரு திருப்பம் நேர்ந்தது. போன நீர் திரும்பி வந்தது. குடிநீருக்காக ஆற்று முகங்களை அணையிட்டுத் தடுத்தபோது உவர்நீர் நன்னீராயிற்று. கிராஞ்சி ஆறு 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வாறு ஏரியானது. அதன் ஓரத்தில் தானே உண்டான சதுப்பு நிலம், ஐம்பத்தாறு ஹெக்டேருக்கு மேற்பட்டது, 2016-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆம்பலும் கோரையும் அங்குண்டு. மரமும் வந்தது. 1963 ஜூன் 16-ம் நாள் பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சந்திப்பிடத்தில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டதிலிருந்து தொடங்கிய மரம்நடு இயக்கத்தால் சாலையெங்கும் தூங்குமூஞ்சி மரங்கள் குடைவிரித்தன. நீர் வந்தது, மரமும் வந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து வரவில்லை. நீர் தீவின் வடமேற்கு மூலையில்; முதுமரம் நகரத்துச் சாலையில். அச்சாலை மரத்திலும் கிளை உளுத்தால் கீழே போவோர் தலையில் விழுமென்று உடனே வெட்டிவிடுவர். மக்கள் நெருங்கிய ஊரில் அது பிழையென்று சொல்லவும் இயலாது. வெட்டத் தேவையில்லாத இடத்திலும் வெட்டுவதுதான் பிழை. மனிதர் நடமாட்டமற்ற நீர்க்கரையில் பட்டுப்போய் நிற்கும் மரத்தைக் குப்பையென்று அகற்றுபவர், பத்துக் குடும்பங்கள் குடியிருக்கக்கூடிய வீட்டை இடிக்கிறோம் என்பதை நினைப்பதில்லை.

தாய்நாட்டில் இவ்வறிவு இல்லாமலில்லை. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கலில் நீர்நடுவே நிற்கும் கடப்ப மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கிற் கூடுகட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட ஊரார், அங்கு எவரும் சுடலாகாது என்று 1858-லேயே கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்துக்கொண்டனர். பறவையிடம் கருணை மட்டுமன்று, தம் நெல்லின் கணக்கும் அதில் அடங்கியிருந்தது. இரண்டும் பொருந்திய இடத்தில்தான் ஓர் ஏற்பாடு நூறாண்டு கடந்தும் நிலைக்கிறது.

இந்நாட்டிலும் தமிழர் ஒருவர் இத்துறையில் நின்றார். சுபராஜ் ராஜாதுரை என்பார். 1963-ல் பிறந்து 2019-ல் மறைந்தார். பட்டம் பெற்ற விஞ்ஞானியல்லர். காட்டிலும் சேற்றிலும் நடந்து நடந்தே கற்றவர். 1986-ல் சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் பெருந்திரளாகத் தங்குவதைப் பறவை ஆர்வலர் கண்டனர். அவ்விடத்தைக் காக்கவேண்டுமென்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிய குழுவில் அவரும் ஒருவர். 1989-ல் அது இயற்கைப் பூங்காவாகக் குறிக்கப்பட்டு, 1993-ல் திறக்கப்பட்டு, 2002-ல் காப்பகமாயிற்று. கீழ்ப் பியர்ஸ் ஏரிக்கரையில் கோல்ப் மைதானம் அமைக்க 1992-ல் எண்ணியபோது, அங்குள்ள உயிர்களை எண்ணிக் கணக்கெடுத்து அதனைத் தடுத்தவர்களுள்ளும் அவர் இருந்தார். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிஞர் பெயரும் தலைவர் பெயரும் தெரியும். இவர் பெயரும் தெரிவது நன்று.

பொந்து தானே உண்டாகும் வரை ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டுமா? வேண்டா. வட அமெரிக்காவில் மரவாத்து என்றே பெயர்பெற்ற வண்ண வாத்து ஒன்றுண்டு. மாண்டரினுக்கு மிக நெருங்கிய உறவு. இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் சுட்டும், ஆற்றோரக் காட்டை அழித்தும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை முடிவெல்லைக்கே கொண்டுவந்துவிட்டனர். 1918-ல் சட்டம் இயற்றி வேட்டையை நிறுத்தினர். 1941 வரை அத்தடை நீடித்தது. அதனிடையே 1930-க்குப் பின் சிலர் பலகைப் பெட்டி செய்து நீர்க்கரையில் நட்டுவைத்தனர். செலவு மிகுந்த சூழ்ச்சியொன்றுமில்லை: வாத்து நுழையும் அளவுக்கு மூன்றங்குல உயரமும் நான்கங்குல அகலமும் உள்ள வாயில், அடியில் மரத்தூள், குஞ்சு ஏறிவர உட்சுவரிற் கீறல், பகை ஏறாதிருக்கக் கம்பத்தைச் சுற்றித் தகரம். பெட்டைகள் வந்து முட்டையிட்டன. இன்று அவ்வாத்து அந்நாட்டில் லட்சக்கணக்கில் உள்ளது.

சிங்கப்பூரும் இதனைச் செய்து பார்த்த ஊரே. வாத்துக்காக அன்று, இருவாய்ச்சிக்காக. அதுவும் குடைவின்றிக் குஞ்சு பொரிக்காத பறவை. நூறாண்டுக்கு மேல் இத்தீவில் இல்லாதிருந்து, 1994-ல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. 2004-ல் தொடங்கிய திட்டத்தின்படி அதற்கேற்ற பெட்டிகளை மரங்களில் ஏற்றினர். இப்பொழுது நூற்றுக்கு மேற்பட்டவை வாழ்கின்றன. அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் வந்து அமர்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பதுமுண்டு. அப்பெட்டி செய்த கைகளும் பலகையும் இவ்வூரிலேயே இருக்கின்றன. கிராஞ்சியில் ஆம்பல் பூத்திருக்கிறது. உடும்பு ஏறாதபடி கம்பத்தைச் சுற்றும் தகரத்துக்கும் இங்குப் பஞ்சமில்லை.